கப்பன் எந்த ஊர்க்காரர்? அபூர்வமான பிரிட்டிஷ் குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

பெங்களூரின் கப்பன் பார்க்கை என் அத்தை கடைசி வரைக்கும் குப்பன் பார்க் என்றே சொன்னார். சுப்பன், குப்பன் மாதிரி அதுவும் நம்மூர்ப் பெயர் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை, காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. 1834 முதல் 1861 வரை மைசூர் சீமையின் கமிஷனராக இருந்த மார்க் கப்பனின் பெயர் அது என்று தெரிந்தபோது எனக்கு அடுத்த கேள்வி வந்தது. ஸ்மித், ஜோன்ஸ் என்று எத்தனையோ பேரைக் கேள்விப்பட்டிருக்கிறோம், இன்னொரு கப்பனைக் கேள்விப்பட்டதே இல்லையே, இது எந்த ஊர்ப் பெயர்?

அதைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் காக்ஸ் டவுனில் எங்கள் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி கூப்பிட்டு, "எங்க தாத்தாவோட அப்பா எந்த ஊர்ல இருந்து வந்தாருன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார். எழுபத்தைந்து வயது, கோலார் தங்கவயலில் பிறந்தவர், நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார். அவருடைய குடும்பப் பெயரும் கப்பன் போலவே அபூர்வம்தான். பெயரை வெளியில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அதன் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் பின்னால் சொல்கிறேன். நம் பெங்களூரில் பக்கத்து வீட்டிலோ ஆபீஸிலோ இப்படி ஒரு பெயரோடு ஒருவர் இருந்தால், அவருக்காக நீங்களும் தேடிப் பார்க்கலாம். லண்டனுக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பெயரின் அர்த்தத்தைத் தேடிப் போகாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். நம் வீடுகளில் பூர்வீகம் தெரியாதபோது குலதெய்வம் எந்த ஊர் என்று கேட்போம் இல்லையா, கோயில் இருக்கும் ஊர் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக அவிழும். அங்கேயும் அதே கதைதான். அர்த்தம் சொல்கிறோம், வம்சச் சின்னம் தருகிறோம் என்று காசு வாங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. இங்கிலாந்துச் சட்டப்படி சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் சொந்தம், ஒரு குடும்பப் பெயர் வைத்திருக்கிற எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இடத்தைப் பிடிக்கச் சிறந்த கருவி 1881 மக்கள்தொகைக் கணக்கு. பிரிட்டனில் 1801 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கிறார்கள், 1841 முதல்தான் எல்லோருடைய பெயரும் வரிசையாகப் பதிவாகி இருக்கிறது. நூறு வருடம் ஆன பிறகே பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்பதால் இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கு 2022 ஜனவரியில்தான் திறந்தது. அவற்றின் 1931 கணக்கு 1942-ல் தீயில் போய்விட்டது, 1941-ல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. இவற்றில் 1881-ஐ நான் முதலில் எடுக்கக் காரணம், அதைத் தன்னார்வலர்கள் முழுக்கப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள், ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்கு தொடங்கி இலவசமாகவே தேடலாம். ரயில் வந்து ஊர் கலைந்திருந்தாலும் பெரும்பாலான பெயர்கள் அதில் இன்னும் தம் சொந்த மண்ணின் பக்கத்திலேயே இருக்கும்.

தேடிக் கிடைத்த எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு பெயர் நாடு முழுக்க 260 பேருக்கு இருக்கிறது, அதில் லண்டனில் 66 பேர், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில் 66 பேர் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் சரிசமம். ஆனால் 1881-ல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 38 லட்சம், கார்ன்வாலுடையது சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். லண்டனில் லட்சத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை, கார்ன்வாலில் லட்சத்துக்கு இருபது. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து அன்றைக்கு சுமார் 2 கோடியே 60 லட்சம், அதாவது நாட்டுச் சராசரி லட்சத்துக்கு ஒருவர். கார்ன்வாலில் இருபது மடங்கு. வேர் அங்கேதான். இந்த வகுத்தலை ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) போட்டு ஒரு தாளில் எழுதுங்கள், கவுண்டி தெரிந்ததும் அதற்குள் எந்த பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் எந்த ஊர்ப் பகுதி என்று இறங்குங்கள். லண்டன், லிவர்பூல், மான்செஸ்டர் மாதிரி ஊர்களில் கூட்டமாகத் தெரிந்தால் அது பிழைக்கப் போனவர்கள் கூட்டம், அதைப் பூர்வீகம் என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். அந்தக் காலத்தில் பெயர் எழுதியவர் பாதிரியாரோ குமாஸ்தாவோ, சொன்னவருக்குப் பல நேரம் எழுதப் படிக்கத் தெரியாது, காதில் விழுந்ததை எழுதினார்கள். அத்தையின் குப்பன் பார்க் எப்படி வந்ததோ அப்படித்தான். அதனால் உயிரெழுத்து வரும் ஒவ்வொரு இடத்திலும் நட்சத்திரக் குறி (அங்கே எந்த எழுத்தும் வரலாம் என்று அர்த்தம்) போட்டுத் தேடுங்கள், ஒற்றை மெய்யை இரட்டையாக்கிப் பாருங்கள், முதலெழுத்தில் சி-யும் கே-யும் கியூ-வும் மாறி மாறி வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் பெயரின் கடைசியில் மட்டும் நட்சத்திரம் போட்டேன், ஆன்ட்டியின் விஷயத்தில் நான்கு மாதம் அதிலேயே போனது.

கப்பனுக்கு வருவோம். அது மேன் தீவின் பெயர். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் 572 சதுர கிலோமீட்டர், நம் பெங்களூரு நகரத்தைவிடச் சிறியது, மொத்தம் 17 பழைய பாரிஷ்கள். பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் இருந்தாலும் ஐக்கிய ராஜ்ஜியத்தின் பகுதி இல்லை. அதனால் இங்கிலாந்து, வேல்ஸின் பிறப்பு, இறப்புக் குறியீடுகள் உள்ள ஃப்ரீபிஎம்டி தளத்தில் கப்பன் என்று தேடினால் தீவை விட்டு வெளியேறியவர்கள்தான் கிடைப்பார்கள், தீவுக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். தீவுக்கு மேன்க்ஸ் நேஷனல் ஹெரிட்டேஜ் நடத்தும் ஐமியூசியம் தளம்தான் வழி.

இந்தத் தீவுப் பெயர்கள் உருவான விதம் தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தீவின் பழைய மொழியான கேலிக்கில் மக் என்றால் மகன். பள்ளியில் படித்த புணர்ச்சி நினைவிருக்கிறதா, நிலைமொழியின் கடைசி மெய்மேல் வருமொழியின் உயிர் ஏறிக்கொள்ளும். மக் + ஐசக், பேச்சில் வேகமாகச் சொல்லச் சொல்ல முன்னால் இருந்த 'ம' தேய்ந்து, க் மட்டும் அடுத்த பெயரோடு ஒட்டி கிஸ்ஸக் ஆகிவிட்டது. மக் + வில்லியம் குவில்லியம் ஆனது, மக் + டெர்மட் கெர்மோட் ஆனது. மக் + கிப்பன், அதாவது கிப்பனின் மகன், அதுதான் கப்பன். கிப்பன் என்பது கில்பர்ட்டின் செல்லச் சுருக்கம். அதனால்தான் மேன் தீவுக் குடும்பப் பெயர்களில் சி, கே, கியூ என்று தொடங்குபவை அவ்வளவு அதிகம். வேல்ஸிலும் இதேதான், அங்கே மகனுக்கு ஆப். ஆப் ரீஸ் ப்ரைஸ் ஆனது, ஆப் ஹவல் பவல் ஆனது. அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இதைவிட நெருக்கமான வழக்கம் வேறென்ன இருக்கிறது!

எல்லாப் பெயரும் அப்பா பெயர் இல்லை. ஊர்ப்பெயர், தொழில், பட்டப்பெயர் என்று மற்ற வகைகளும் உண்டு. தொழில் பெயரும் இடம் சொல்லும். நெய்த துணியை நனைத்து மிதித்துக் கெட்டியாக்கும் ஒரே வேலைக்கு வடக்கில் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர் என்று பெயர். ஆனால் அபூர்வமான பெயர்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு சின்ன ஊரோ, ஒற்றைப் பண்ணையோ ஒளிந்திருக்கும். பெயர் ஏன் அபூர்வமாகிறது என்ற கேள்விக்கே ஒரு கணக்கு இருக்கிறது. 1873-ல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் கேட்டார், கணிதம் தெரிந்த ஹென்றி வாட்சன் விடை சொன்னார். ஆண் வழியில் மட்டும் இறங்கும் பெயர், மகன் இல்லாத கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, யாரும் எதுவும் செய்யாமலே காலப்போக்கில் அழியலாம். இன்று சில நூறு பேரிடம் நிற்கும் பெயர் அப்படித் தப்பிப் பிழைத்தது. அதனால்தான் எனக்கு இவற்றின் மேல் இவ்வளவு பிரியம்.

பாரிஷ் தெரிந்ததும் பின்னோக்கி நடக்க வேண்டும், தாண்டிக் குதிக்கக் கூடாது. இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது, ஸ்காட்லாந்தில் 1855-ல். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள், 1538-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவிலிருந்து. ஏடு தொலைந்திருந்தால் பிஷப்புக்கு வருடா வருடம் அனுப்பிய நகல் இருக்கிறதா என்று பாருங்கள். 1752 வரைக்கும் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-ல் பிறந்தது, ஆகவே 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. இது தெரியாமல், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக எழுதி வைத்தவர்கள் உண்டு. பதிவேடும் இல்லாத இடத்தில் 1662-லிருந்து 1689 வரை வாங்கிய அடுப்பு வரிப் பட்டியலும், பதினெட்டு வயது நிரம்பிய ஆண்களிடம் 1641-42-ல் உறுதிமொழி வாங்கிய பட்டியலும் கைகொடுக்கும். கார்ன்வாலுக்கு இந்த இரண்டாவது நன்றாகவே தப்பியிருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து தொடங்குவதற்கு ஒரு தனி வழி இருக்கிறது. பெங்களூர் கண்டோன்மென்ட் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் மெட்ராஸ் மாகாணப் பதிவுகளோடு சேர்ந்து பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. பெங்களூர் என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் மெட்ராஸ் என்று தேடுங்கள். கம்பெனிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர் என்றால் அவர் விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்றும் இணைத்திருப்பார்கள், அதில் பாரிஷ் பெயர் இருக்கும், ஒரே தாளில் கடல் தாண்டிவிடலாம். பிரிட்டிஷ் அரசுப் படையின் சாதாரண சிப்பாய்க்கு, பென்ஷனோடு ஓய்வுபெற்றிருந்தால், லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வுத் தாளில் பிறந்த ஊர் இருக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த குடும்பங்களைத் தேடுவோருக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இலவசத் தேடலையும் தவறவிடாதீர்கள். ஆங்கிலோ இந்தியன் குடும்பங்களில் தாயின் பெயர் இருக்க வேண்டிய இடம் பல தடவை காலியாக இருக்கும், நம் ஊர்ப் பெண்கள் பலர் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறார்கள். அங்கே ஏதாவது ஒரு பெயரை ஊகித்து நிரப்பாதீர்கள், காலி என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

டிஎன்ஏ பரிசோதனை கடைசியில்தான். ஒய் குரோமோசோமும் குடும்பப் பெயரும் ஒரே தந்தை வழியில் இறங்குவதால், அபூர்வப் பெயர்க்காரர்களிடம் அது ஒத்துப்போக வாய்ப்பு அதிகம், ஸ்மித் மாதிரிப் பெயருக்குப் பயனில்லை. அதுவும் அந்தப் பெயரோடு உள்ள ஆண் ஒருவர் சம்மதித்தால்தான். உயிரோடு இருப்பவர்கள் பெயரை எங்கேயும் பகிரங்கமாகப் போட வேண்டாம்.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன், காகிதத்தில் கிடைக்காதது அங்கே கிடைத்தது. ஓசூர் ரோடு கல்லறைக்கு ஒரு ஞாயிறு காலை ஏழரைக்கு ஆன்ட்டியோடு போனேன். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் எழுத்து எழும்பித் தெரியும், நிழலில் இருந்தால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியைத் திருப்பலாம். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், தண்ணீரும் மென்மையான துணியும் போதும். ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா கல்லில் ஈய எழுத்துகள் பதித்திருந்தார்கள், பாதி எழுத்து உதிர்ந்துபோயிருந்தது. ஆனால் ஈய எழுத்தைப் பிடித்து நிறுத்தக் கல்லில் சின்னச் சின்னத் துளை போட்டிருப்பார்கள், எழுத்து போனாலும் துளை போகாது.

குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எழுதி வருவது ஆங்கிலத்தில் டி-ஆர்-ஐ என்று தொடங்கும் பெயர். ஐ என்றால் துளைகள் மேலும் கீழுமாக ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது எழுத்தின் இடத்தில் கோட்டுக்கு வலப்பக்கமும் துளைகள் இருந்தன, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. அது ஈ. டி-ஆர்-ஈ, ட்ரெ. கார்ன்வால் மொழியில் ட்ரெ என்றால் வீடும் நிலமுமாக இருக்கும் குடியிருப்பு. ட்ரெ, பொல், பென் என்று தொடங்கும் பெயரைக் கேட்டாலே கார்ன்வால்காரர் என்று அங்கே சொல்வார்கள். 1880-லிருந்து கோலார் தங்கவயலை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி, கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்களை அழைத்து வந்தது. பாறைக்குள் அவர்களும் நம் வடஆற்காட்டு ஆட்களும் ஒன்றாக இறங்கினார்கள். மேலே, கூலிப் புத்தகம் எழுதியவர் காதில் ட்ரெ ட்ரி ஆகியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, ஈ போட்டு 1881-ஐத் திறந்தோம். ஒரே கவுண்டி, அதிலும் பக்கத்துப் பக்கத்து இரண்டு பாரிஷ்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் நில அளவைத் துறை) வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த இரண்டாவது பாரிஷில் ஓர் ஓடைக்கு மேலே அதே பெயரில் ஒரு பண்ணை. 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த கணக்கில், அப்பா வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளி, அம்மா, நான்கு பிள்ளைகள். மூன்றாவது வரியில் பையன், வயது 11. ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.