காயப்போட்டா காசு மிச்சம், எண்ணெயில போட்டா செலவு

மாசம் 22, 23 தேதி ஆச்சுன்னா எங்க வீட்டுல பரண்ல இருந்து டப்பா ஒண்ணொண்ணா எறங்க ஆரம்பிச்சிரும். கொத்தவரங்கா வத்தல், சுண்டக்கா, மாவத்தல் (மாங்கா வத்தல்), மோர் மிளகா, பழைய சோத்து வத்தல். ஒண்ணாந்தேதி வர்ற வரைக்கும் மார்க்கெட் பக்கம் தலை வெச்சே படுக்க மாட்டேன், பாலும் கீரையும் தவிர எதுவும் வாங்குறதில்ல, நாலு பேரு மூணு வேளையும் நல்லாவே சாப்புடுறோம்.

ஆனா இதுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வருசம் தப்பா பண்ணிட்டு இருந்தேன். தக்காளி மலிவா கெடைச்சா ஒடனே தொக்கு, மாங்கா கெடைச்சா ஒடனே ஆவக்கா, மிச்சம் புடிக்குறோம்னு நெனைச்சுக்கிட்டு. ஒரு நாள் ஒக்காந்து பேப்பர்ல கணக்கு போட்டேன், 5 கிலோ தக்காளி 60 ரூவா, அதுக்கு ஊத்துன நல்லெண்ணெய் அரை லிட்டர், செக்குல லிட்டர் 400 பக்கம்னா அதுவே 200, மிளகாத்தூள், பெருங்காயம், ஒன்றரை மணி நேரம் கேஸ் எரிஞ்சது வேற. 60 ரூவா தக்காளிய காப்பாத்த 300 ரூவா செலவழிச்சிருக்கேன்! வெயிலு சும்மா அடிக்குது, கல்லுப்பு கிலோ 20 ரூவாக்குள்ள, இது ரெண்டையும் வெச்சு என்னென்ன பண்ண முடியுமோ அதை மொதல்ல பண்ணுங்க, எண்ணெயில போடுற வேலைய ஆசைக்கு ஒரு பாட்டிலோட நிறுத்திக்கங்க. நான் கண்டுபுடிச்சது அம்புட்டுதான்.

மொதல்ல வாங்குற விசயம். 1999ல மொத உழவர் சந்தை தொறந்ததே எங்க மதுரை அண்ணா நகர்லதான், அதனால எங்களுக்கு அந்த வசதி இருக்கு, உங்க ஊர்லயும் பக்கத்துல எங்கயாச்சும் இருக்கும், இல்லன்னா வாரச்சந்தை இருக்கும். காலைல ஆறு மணிக்கு போனா நல்ல காயா பொறுக்கலாம், ஆனா வத்தல் போடுறவங்க கடைசி நேரத்துல போகணும், கொண்டு வந்தத திருப்பி தூக்கிட்டு போக மனசில்லாம மொத்தமா எடுத்துக்கம்மான்னு தருவாங்க. வத்தலுக்கு அழகு தேவையில்ல, கோணல் கொத்தவரங்கா, காத்துல விழுந்த மாங்கா எல்லாம் போதும். ஆனா அழுகல் ஒண்ணு கூட சேரக்கூடாது, அடி பட்ட எடத்த வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தத்தான் போடணும். முத்தி நார் ஆயிட்ட காயும் வேணாம், காய வெச்சா நார் இன்னும் கெட்டியாகி வாயில சக்கை மாதிரி நிக்கும்.

நேரம்னு பாத்தா மாசி பாதில இருந்து வைகாசி வரைக்கும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வரைக்கும் இருக்கும், எல்லாரும் வெளிய போக பயப்படுற அந்த நாள்தான் நமக்கு நல்ல நாள். ஒரு கண்டிசன், வானத்த பாத்துட்டு காய வெட்டுங்க. மொத ரெண்டு நாள் வெயில் நல்லா கெடைச்சிட்டா அப்புறம் ஒரு நாள் மேகமா இருந்தாலும் தப்பிச்சிரலாம், மொத நாளே மூடாக்கு போட்டுச்சுன்னா காய் புளிச்சு பூசணம் புடிச்சிரும். நான் ஒரு தடவ அப்படி ரெண்டு கிலோ கொத்தவரங்காய வேக வெச்சு மாடிக்கு தூக்கிட்டு போறேன், எங்க அத்தை கீழ இருந்து "ஏ தாயி, மேக்கால பாக்காம காய வேக வெச்சிட்டியே"ன்னாங்க, மதியம் கோடை மழை ஊத்துச்சு. அன்னிக்கு நைட்டு நாலு பேரும் கொத்தவரங்கா பொரியல், மறுநாளும் கொத்தவரங்கா பொரியல்.

மோர் மிளகாய கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் சொதப்புறாங்க. குட்டையா குண்டா இருக்குற பச்சை மிளகா ஒரு கிலோ. கழுவி துணியில ஈரம் போக துடைச்சிருங்க, காம்ப கிள்ளாதீங்க, கிள்ளுனா அந்த ஓட்டை வழியா வெதை எல்லாம் கொட்டிரும், அப்புறம் பொரிக்கும்போது வெறும் தோல்தான். நுனிக்கிட்ட கத்தில சின்னதா ஒரு கீறல், மோர் உள்ள போக அது போதும். ஒரு லிட்டர் நல்லா புளிச்ச தயிர கொஞ்சமா தண்ணி விட்டு கடைஞ்சு, கல்லுப்பு 100 கிராம் போட்டு கரைச்சு மிளகாய அதுல முக்கி வெக்கணும். மண்சட்டி, பீங்கான் ஜாடி, எவர்சில்வர் எதுலயும் வெக்கலாம், அலுமினியத்துல மட்டும் வேணாம், புளிப்பும் உப்பும் சேந்து பாத்திரத்த அரிக்கும். கண்ணால பாக்க 100 கிராம் உப்பு கம்மியா தெரியும், கூட போடாதீங்க, அந்த மோர் முழுசும் கடைசில மிளகாக்குள்ளதான் போகப்போகுது.

ரெண்டு நாள் அப்படியே, காலைல சாயங்காலம் குலுக்கி விடுங்க. மூணாவது நாள் பாத்தா பச்சை கலர் போயி பழுத்த எலுமிச்சை தோல் மாதிரி வெளுத்திருக்கும், அப்பதான் எடுத்து வெயில்ல பரத்தணும். மோர கொட்டிராதீங்க, நிழல்ல மூடி வெச்சு, சாயங்காலம் மிளகாய திரும்பவும் அதே மோருக்குள்ள. காலைல வெயில், ராத்திரி மோரு, இப்படி மூணு நாலு நாள் பண்ணுனா சட்டில மோரே இருக்காது, மிளகா குடிச்சிரும். அதுக்கப்புறம் வெறும் வெயில்ல நாலஞ்சு நாள். காஞ்சிருச்சான்னு எப்படி தெரியும்னா ஒண்ண எடுத்து காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள வெதை கலகலன்னு சத்தம் கேக்கணும். சத்தம் வரலன்னா இன்னும் ஈரம் இருக்கு.

பொரிக்கும்போது வாணலி நெறைய எண்ணெய் ஊத்த வேணாம். தாளிக்கிற கரண்டி ஆழமா இருக்கும்ல, அதுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய், நாலு மிளகா, கருஞ்செவப்பு ஆனதும் எடுத்துட்டு அதே எண்ணெயில கடுகு போட்டு மோர்லயோ ரசத்துலயோ கொட்டிருங்க. பொரிச்ச எண்ணெய்னு ஒண்ணு மிச்சமே இருக்காது.

கொத்தவரங்காக்கு இம்புட்டு பாடு இல்ல. காம்பு கிள்ளி, உப்பு போட்ட தண்ணில முக்கா வேக்காடு வேக வெச்சு வடிச்சு காயப்போடணும், மூணு நாலு நாள், ஒடைச்சா டக்குனு ஒடையணும். ஒரு கிலோ போட்டா கால் கிலோ கூட தேறாதேன்னு மனசு ஒடையாதீங்க, போனது தண்ணிதான். சுண்டக்காய கல்லால லேசா நசுக்கி, உப்பு மோர்ல ஊற வெச்சு, மிளகா மாதிரியேதான். மாங்காய தோலோட நீளமா வெட்டி உப்பு மஞ்சத்தூள் பெரட்டி ஒரு நாள் வெச்சு அப்புறம் வெயில்ல. சாம்பார்ல நாலு மாவத்தல் போட்டா புளி பாதி போதும்.

பழைய சோத்து வத்தல் எனக்கு ரொம்ப புடிச்சது, ஏன்னா இதுக்கு காயும் வாங்க வேணாம். முந்தின நாள் மிஞ்சுன ரேசன் அரிசி சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலைல நீராகாரத்த குடிச்சிட்டு சோத்த பிழிஞ்சு எடுத்து, ரெண்டு ஆழாக்கு சோத்துக்கு நாலு பச்சை மிளகா, ஒரு ஸ்பூன் சீரகம் போட்டு அரைக்கணும். உப்பு மட்டும் நாக்குல வெச்சா கொஞ்சம் பத்தாத மாதிரி இருக்கணும், காஞ்சா கூடிரும். பிளாஸ்டிக் சீட்டுல சின்னச் சின்னதா கிள்ளி வைங்க, எட்டு மணிக்குள்ள வெச்சாத்தான் சாயங்காலத்துக்குள்ள மேல் பக்கம் காஞ்சு மறுநாள் திருப்ப வரும். காக்கா வரும், அணில் வரும், எங்க வீட்டுல சின்னவனும் வருவான், பாதி காஞ்ச வத்தல்தான் ருசின்னு. காக்காக்கு கறுப்புத் துணி கட்டுங்க, பசங்களுக்குன்னு ஓரமா ஒரு வரிசை விட்டுருங்க. இத எண்ணெயில பொரிக்கத்தான் வேணும்னு இல்ல, வாணலில கல்லுப்ப நல்லா சூடு பண்ணி அதுல போட்டு பெரட்டுனாலும் பொரியும், எண்ணெயில பொரியுற அளவுக்கு உப்பாது, ஆனா சோத்துக்கு கடிச்சுக்க தாராளமா போதும்.

தக்காளிக்கு வர்றேன். 2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூவாய தாண்டி, கவர்மெண்டே ரேசன் கடைல 60 ரூவாக்கு வித்தாங்க ஞாபகம் இருக்கா. அதே தக்காளிதான் வேற மாசத்துல 10 ரூவாக்கு கூவி விக்கிறான். அந்த 10 ரூவா நாள்ல வாங்கி காயப்போட்டுருங்க. பெங்களூர் தக்காளிதான் இதுக்கு நல்லது, சதை கெட்டி, சாறு கம்மி. நாலா வெட்டி, வெட்டுன பக்கம் மேல பாக்க அடுக்கி, கிலோவுக்கு ஒன்றரை ஸ்பூன் உப்பு தூவி, மேல ஒரு மெல்லிசு பழைய துப்பட்டா போத்துங்க, ஈ மொய்க்காது. ராத்திரி உள்ள எடுத்துரணும், பனி எறங்குனா அன்னிக்கு காஞ்சது வீண். அஞ்சாறு நாள் ஆகும். அஞ்சு கிலோ போட்டா அரைக் கிலோ கூட தேறாது, ஆனா அத மிக்சில பொடிச்சு வெச்சா ரசத்துக்கு ஒரு ஸ்பூன் போதும், மூணு நாலு மாசம் ஓடும். தொக்கு வேணும்னா ரெண்டு கிலோக்கு 100 மில்லி எண்ணெய்ல சுண்ட சுண்ட கிண்டி ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு மாசத்துல முடிச்சிருங்க, எண்ணெய் கம்மியா போட்டத வெளிய வெக்காதீங்க. அப்புறம் புளிப்பே இல்லாம பூண்ட வெறும் எண்ணெயில போட்டு வெளிய வெக்குறதும் வேணாம், கெட்டது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமலே வெசமாகுற சாமான் அது.

புளி மாசி பங்குனில புதுசு வரும், வருசத்துக்கு அப்பவே வாங்கிரலாம். கொட்டையோட வெலை கம்மின்னு ஏமாறாதீங்க, கொட்டையும் நாரும் கிட்டத்தட்ட பாதி எடை. கொட்டையோட கிலோ 60ன்னா, கொட்டை எடுத்தது 110க்குள்ள கெடைச்சா எடுத்ததே லாபம், வெரல் வலி மிச்சம். கல்லுப்பு தூவி ரெண்டு வெயில் காட்டி ஜாடில அமுக்கி வைங்க.

எடுத்து வெக்குறதுல நான் பண்ணுன கூத்த சொல்லியே ஆகணும். மொத வருசம் ரெண்டு கிலோ மோர் மிளகா, மாடில இருந்து எறக்குன சூட்டோட அப்படியே பாட்டில்ல போட்டு டைட்டா மூடிட்டேன். சூடு உள்ள வேர்த்து, பத்து நாள்ல தொறந்தா வெள்ளையா பஞ்சு மாதிரி பூசணம். தொடைச்சிட்டு காய வெச்சுக்கலாம்னு மனசு அடிச்சுக்கிச்சு, ஆனா பூசணம் புடிச்சத தூக்கித்தான் போடணும், மேல தெரியுறது கொஞ்சம்தான். அதனால எறக்குனதும் நிழல்ல ரெண்டு மணி நேரம் ஆற விட்டு, கையில தொட்டா ஜில்லுன்னு இருக்கும்போது போடுங்க. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தா போதும், கழுவி அதையும் வெயில்ல காய வெச்சுட்டு. புரட்டாசில ஒரு நல்ல வெயில் நாளா பாத்து எல்லாத்தையும் மறுபடி ஒரு தடவ மாடிக்கு ஏத்தி எறக்கிட்டா ஐப்பசி அடைமழைய தாண்டிரும்.

இனி மாசக் கடைசி சமையல். வத்தக்குழம்புக்கு எலுமிச்சை அளவு புளி, ரெண்டு ஸ்பூன் குழம்புப் பொடி, ஒரு கைப்பிடி வத்தல், ரெண்டு கரண்டி எண்ணெய், எறக்குறப்ப ஒரு ஸ்பூன் அரிசி மாவ கரைச்சு ஊத்துனா தேங்கா இல்லாமலே கெட்டியாகும், கொதிக்க வெச்சு வெச்சு ரெண்டு நாள் வெச்சுக்கலாம். பருப்புக்கு ரேசன்ல கிலோ 30 ரூவாக்கு தர்ற தொவரம்பருப்புதான், அது மாசத்துக்கு ஒரு கிலோ, அதனால சாம்பார் அன்னிக்கு பருப்ப வேக வெச்ச தண்ணிய ஒரு டம்ளர் எடுத்து வெச்சு ரசத்துக்கு ஊத்துறேன், பரங்கிக்கா ஒரு துண்டு பருப்போடயே குக்கர்ல போட்டு மசிச்சிட்டா கால் டம்ளர் பருப்பு கம்மியா போட்டது யாருக்கும் தெரியாது. மாச ஆரம்பத்துல பீர்க்கங்கா வாங்குற அன்னிக்கும் தோல எறியாம ஒரு ஸ்பூன் எண்ணெயில வதக்கி, உளுந்து, வர மிளகா, கொஞ்சம் புளி வெச்சு தொவையல். கொத்தமல்லி தண்டு ரசத்துக்கு. தர்பூசணி தோலுக்கும் சதைக்கும் நடுவுல வெள்ளையா இருக்குமே, அது கூட்டுக்கு, சுரக்காய்னே சொல்லி போட்டுருவேன், எங்க வீட்டுக்காரருக்கு இது வரைக்கும் தெரியாது.

இந்த வருசம் புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாத்தையும் ஒரே நேரத்துல இழுத்துப் போட்டுக்காதீங்க, கால் கிலோ மிளகாவும் அரைக் கிலோ கொத்தவரங்காவும் போதும், மாடி இல்லாதவங்க ஜன்னல் கம்பில முறத்த சாய்ச்சு வெச்சாலும் காயும், என்ன, ரெண்டு நாள் கூட ஆகும்.