வார்டோவில் இருந்து பருத்தித்துறைக்கு எத்தனை மணிக்குத் தொலைபேசி எடுக்கலாம்?

அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கி மார்ச் கடைசி ஞாயிறு வரை இலங்கையின் பருத்தித்துறை, நோர்வேயின் வடகிழக்கு மூலையான வார்டோவில் இருக்கும் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முன்னால் ஓடும். மிச்ச மாதங்களில் மூன்றரை. லண்டன்காரருக்குக் குளிர்காலத்தில் மணிக்கூட்டைத் தலைகீழாகப் பிடித்தாலே ஊர் நேரம் தெரிந்துவிடும். நோர்வேயில் இருக்கிற எங்களுக்கு அந்த வசதி இல்லை. குளிர்காலத்தில் ஐந்தைக் கூட்டி அரையைக் கழியுங்கள், கோடையில் நாலைக் கூட்டி அரையைக் கழியுங்கள். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தாலும் அம்மா நித்திரையாக இருப்பா. அதனால் ஒரு தாளை எடுத்து, முதலில் அங்கே வீட்டில் இருப்பவரின் நாளை எழுதுங்கள். எங்கள் நேரத்தைப் பிறகு பக்கத்தில் போடலாம். பருத்தித்துறைத் தும்பளையில் என் அம்மாவின் நாள் இப்படி: ஐந்து மணிக்கு எழும்பி முற்றம் கூட்டுவா, பத்தரைக்கு மீன் வாங்கச் சந்தை, ஒன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயர்வு, நாலு மணிக்குப் பிளேன்ரீயும் (பால் விடாத தேத்தண்ணி) தட்டை வடையும், ஆறரைக்கு விளக்கு, ஏழரைக்கு நாடகம், ஒன்பதுக்குப் படுக்கை. நாடக நேரத்தில் எடுத்தால் "ம், ம்" என்ற பதில் மட்டும்தான் வரும்.

இப்போது எங்கள் நேரத்தைப் போடுங்கள். நான் வேலை செய்யும் மீன் ஆலையில் சாப்பாட்டு இடைவேளை பதினொன்றரை. குளிர்காலத்தில் அது அங்கே சரியாக நாலு மணி, பிளேன்ரீ நேரம். இதைவிட நல்ல வேளை கிடையாது. வேலை முடிந்து மூன்றரைக்கு எடுத்தால் அங்கே எட்டு, நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் எல்லாம் மாறிவிடும். பதினொன்றரைக்கு அங்கே மூன்று, அம்மா அப்போதுதான் கண் விழிப்பா. வேலை முடிந்த மூன்றரைக்கு அங்கே ஏழு. விளக்கு வைத்தாயிற்று, நாடகம் தொடங்கவில்லை. ஆகவே குளிரில் இடைவேளை, கோடையில் வேலை முடிந்த பிறகு.

நேரம் மாறும் ஞாயிற்றுக்கிழமையை ஊருக்கு முதலே சொல்லிவையுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதுச் சங்கதி இல்லை. 1996-இல் இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே வருடம் அரை மணித்தியாலம் பின்னிழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே ஓடியது. 2006 ஏப்ரலில் நாடு முழுக்கப் பழைய நேரத்துக்கே திரும்பியது. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு மார்ச்சும் அக்டோபரும் ஒரு பொருட்டா!

வீடியோவில் முகம் தெரிய வேண்டும் என்றால் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். வார்டோ இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே, 31 பாகைத் தீர்க்கக்கோட்டில் இருக்கிறது. மணிக்கூடு மட்டும் ஒஸ்லோவோடு ஓடுகிறது. அதனால் குளிர்காலத்தில் எங்கள் உண்மையான நண்பகல் பதினொரு மணியை ஒட்டி வந்துவிடும். நவம்பர் கடைசி வாரத்தில் இருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் எழும்பாது. அந்த நாட்களில் ஓரளவு வெளிச்சம் என்று இருப்பது அந்த நண்பகலை ஒட்டி வரும் நீல வெளிச்சம்தான். வேலையில்லாத நாளில் பதினொரு மணிக்கே ஜன்னலடியில் இருந்து எடுங்கள். அங்கே மூன்றரை, அம்மாவும் எழும்பியிருப்பா. இரண்டு மணிக்கு எடுத்தால் "ஏன் பிள்ளை இருட்டுக்குள்ளே இருக்கிறாய்?" என்று தொடங்கிவிடுவா.

கோடையில் ஆபத்து மறுபக்கம். மே நடுவில் இருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறையாது. இரவு பதினொன்றுக்குப் பிள்ளைகள் பந்தடிப்பதைப் பார்த்து, நேரம் இருக்கிறது என்று நினைத்து எடுத்தால் அங்கே இரவு இரண்டரை. அந்நேரம் மணி அடித்தால் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் வீடு எழும்பும். சமையலறையில் ஊர் நேரத்துக்கு ஒரு மணிக்கூடு தொங்கவிடுங்கள், ஜன்னலை நம்பாதீர்கள்.

ராகுகாலம் பார்க்கிறவர்களுக்கு: பகலை எட்டாகப் பிரிப்பது முறை. பகலே இல்லாத டிசம்பரில் எதை எட்டாகப் பிரிப்பது? அம்மாவிடம் கேட்டேன். "ஊர் நேரத்தைப் பார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டா. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்ற சண்டையையே தீர்க்காத எங்கள் ஊர் இதைத் தீர்த்தது பெரிய காரியம்.

வங்கி வேலை வேறு கணக்கு. அங்கே பெரும்பாலும் ஒன்பதில் இருந்து மூன்று வரைதான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் எங்கள் பத்தரைக்குள் முடிக்க வேண்டும், கோடையில் பதினொன்றரைக்குள். பௌர்ணமி வரும் போயா நாளில் முழுநாளும் பூட்டு. இங்கே ஈஸ்டருக்கு வியாழனே பூட்டிவிடுவார்கள், செவ்வாய்தான் திறப்பார்கள். காசு அனுப்புகிறவர்கள் இரண்டு ஊர்க் கலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் கொழுவுங்கள். வருடப்பிறப்பு வாழ்த்துக்கு டிசம்பர் 31 இரவு ஏழரைக்கே எடுத்துவிடுங்கள், அங்கே பன்னிரண்டு அடித்திருக்கும்.