‘டேர்’ ஆல்பத்தின் பேஸ் சத்தத்தை வீட்டிலேயே செய்வது எப்படி?

ஹியூமன் லீக் என்ற பிரிட்டிஷ் சிந்த்-பாப் இசைக்குழுவின் ‘டேர்’ ஆல்பம் 1981 அக்டோபரில் வந்தது. இப்போது மறுபடி கேட்டால் முதலில் காதில் படுவது, அதில் எவ்வளவு இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது என்பதுதான். அந்தப் பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) சத்தத்துக்குப் பழைய சிந்தசைசர் வேண்டும் என்று நினைத்துப் பர்ஸைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு சுரமும் எப்போது நிற்கிறது என்பதில்தான் சூட்சுமம்.

இலவசமாகக் கிடைக்கும் எல்.எம்.எம்.எஸ் (LMMS) என்ற இசையமைப்பு மென்பொருள் போதும். விலை கொடுத்து வாங்கும் எதையும் ஆரம்பத்தில் நான் சொல்ல மாட்டேன். ஹெட்போன் மட்டும் கட்டாயம், லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் எடுபடாது.

1. முதலில் கேளுங்கள். தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷெண்ட் அதே பாடல்களைப் பிரித்துப் போட்டு 1982இல் ‘லவ் அண்ட் டான்சிங்’ என்ற ரீமிக்ஸ் ஆல்பம் செய்தார். குரல் பெரும்பாலும் ஒதுங்கி நிற்பதால் பேஸும் டிரம்மும் தனித்தனியாகப் புரியும். கற்றுக்கொள்ள மூல ஆல்பத்தைவிட இதுவே மேல்.

2. டிரம். வேகம் நிமிடத்துக்கு 118 தட்டு. ஒரு சுற்றின் பதினாறு கட்டங்களில் கிக் (‘தொம்’ என்ற பெரிய டிரம்) 1, 5, 9, 13. ஸ்னேர் 5, 13. ஹை-ஹேட் ஒன்றுவிட்டு ஒன்று. எல்லாம் ஒரே பலத்தில் விழட்டும். கிராஷ் சிம்பல் வேண்டாம். அவர்கள் பயன்படுத்திய லின் எல்.எம்-1 டிரம் இயந்திரத்திலேயே அது கிடையாது. அந்தக் காலத்தில் மெமரி சிப் விலை அப்படி, நீண்டு ஒலிக்கும் சிம்பலைப் பதிந்து வைப்பது கட்டுப்படியாகாது.

3. பேஸ். எல்.எம்.எம்.எஸ்ஸில் உள்ள ட்ரிபிள் ஆசிலேட்டர் என்ற சிந்தசைசரைத் திறந்து, முதல் ஆசிலேட்டருக்கு ரம்பப்பல் அலை கொடுத்து, மற்ற இரண்டையும் மௌனமாக்குங்கள். ஃபில்டரின் விளக்கை எரியவிட்டு, லோ-பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடுவது) தேர்ந்து, கட்-ஆஃபை, அதாவது அது வெட்டத் தொடங்கும் இடத்தை, நன்றாகக் குறையுங்கள்.

இங்கேதான் நேரம் விரயமாகும். கட்-ஆஃபுக்கான என்வலப்பில் (சுரம் ஒலிக்கும்போது கட்-ஆஃப் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று சொல்வது) டிகே, சஸ்டெயின் எல்லாவற்றையும் திருகித் திருகிப் பார்ப்பீர்கள். சத்தம் அசையாது. காரணம், பக்கத்தில் ‘ஏஎம்டி’ (AMT) என்ற குமிழ் பூஜ்யத்தில் இருக்கும். அதுதான் என்வலப் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று சொல்வது. அதை முதலில் ஏற்றுங்கள், அப்புறம் மற்றவை. என்வலப் படத்தில் கோடு சட்டென்று ஏறி உடனே சரிய வேண்டும்.

4. சுரத்தின் நீளம். சிந்தசைசரைத் தானாக வாசிக்க வைக்க ரஷெண்ட் பயன்படுத்திய ரோலண்ட் எம்.சி-8 கருவியில் சுரங்களைக் கால்குலேட்டர் போல எண்களாகத் தட்டவேண்டும். சுரம் எது, அடுத்தது எப்போது, இது எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். மூன்றாவது எண்தான் நமக்கு முக்கியம். பியானோ ரோலில் (சுரங்களை வரையும் திரை) 1/16 கட்டங்களில் சுரம் வையுங்கள், நீளத்தை மட்டும் 1/32 ஆக்குங்கள். மீதிப் பாதி மௌனம். டிரம்மோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள், உடனே துள்ளும்.

ரிவெர்ப் (எதிரொலி) போட்டால் அந்த மௌனத்தை நீங்களே அடைத்துவிடுவீர்கள். பேஸுக்கு வேண்டவே வேண்டாம், ஸ்னேருக்கு வேண்டுமானால் துளி.

பின்சேர்க்கை: செய்து பார்த்த சிலர், சுரம் முடியும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்கிறது என்றார்கள். அலை பாதியில் வெட்டுப்படுவதால் வருவது அது. வால்யூம் என்வலப்பில் ரிலீஸை (சுரம் முடிந்தபின் ஒலி அடங்கும் நேரம்) ஒரு மயிரிழை கூட்டுங்கள். அங்கேயும் ஏஎம்டி குமிழ் உண்டு, மறக்காதீர்கள்.