புதுச்சேரியிலிருந்து பிரேசில் வானொலியைக் கேட்பது எப்படி

அமேசான் காட்டின் ஆற்றங்கரை ஊர்களுக்குச் செய்தியும் பாட்டும் கொண்டுசெல்வதற்காக 1977இல் தொடங்கப்பட்ட ரேடியோ நாசியோனால் தா அமசோனியாவைக் கேட்க, சிற்றலை வசதியுள்ள வானொலிப் பெட்டியை எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர் ஆகியவற்றின் இரைச்சல் எட்டாத மொட்டை மாடிக்குக் கொண்டுசெல்லவும். பெட்டியின் ஏரியலில் பத்து மீட்டர் செம்புக் கம்பியை இணைத்து, மறுமுனையை நைலான் கயிற்றால் உயரமாகக் கட்டவும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் செம்பு விரைவில் பச்சை பூத்துவிடும் என்பதால், இணைப்பை அவ்வப்போது உப்புத்தாளால் தேய்ப்பது அவசியம்.

முள்ளை 11780 கிலோஹெர்ட்ஸில் வைத்து, அதிகாலை 3.30 மணிக்கு, அதாவது பிரேசிலியாவில் இரவு 7 மணிக்கு, காத்திருக்கவும். 1935 முதல் வரும் அரசுச் செய்தித்தொகுப்பான ‘அ வோஸ் தோ பிரசில்’ வழக்கமாகத் தொடங்கும் நேரம் அது. விலையுயர்ந்த பெட்டியைவிட, இடைப்பட்ட வானம் இருண்டிருக்கும் இந்த நேரமே, என் கருத்தில், பெரிய உதவி. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் மாடிக்குப் போகாமல் இருப்பதே நல்லது.