சொந்தப் பாட்டைப் பதிவு செய்கையில் தாளம் பின்தங்கியது: சரிசெய்த விதம்

மோகன ராகத்தில், ஆதி தாளத்தில் நானே எழுதி மெட்டமைத்த பாடலை வீட்டில் பதிவு செய்தபோது, கிட்டாருடன் நேரில் பாடுகையில் இயல்பாக அமைந்த சரணம், பதிவில் மட்டும், குறிப்பாகக் க ப த ஸ என்று மேலேறும் இடங்களில், தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது. பிறர் பாடிய பாட்டென்றால் மூலப் பதிவோடு ஒப்பிடலாம். சொந்தப் பாட்டுக்கு அந்த வசதி இல்லாததால், குறை மெட்டிலா, வரிகளிலா, பதிவு முறையிலா என்று கண்டறிவதே பெரும்பாடு.

காரணம் ஹெட்ஃபோனில் இருந்தது. மைக்கில் பாடும் குரல் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) வழியாகக் கணினிக்குச் சென்று ஹெட்ஃபோனுக்குத் திரும்பும் நேரத்தை, மென்பொருளின் பஃபர் (ஒலியைச் சிறிது நேரம் சேர்த்துவைக்கும் இடம்) அளவுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் நுண்ணிய அளவீடு) என்ற கணக்கில் பஃபர் 1,024 சாம்பிளாக இருந்தால், ஒரு வழிக்கே ஏறத்தாழ 21 மில்லிவிநாடி தாமதம். போக வர அது இரட்டிப்பாகும். தன் குரலே தாமதமாகக் காதில் விழும்போது, பாடுபவர் தம்மை அறியாமல் அதற்காகக் காத்திருக்கிறார்.

பஃபரை 128 ஆகக் குறைத்ததும் ஒரு வழித் தாமதம் 3 மில்லிவிநாடிக்கும் கீழே வந்தது. அந்த அளவில் என் பழைய மடிக்கணினி திணறி இடையிடையே படபடவென்று ஒலித்ததால், எக்கோ முதலிய எஃபெக்டுகளைப் பதிவு முடியும்வரை அணைத்து வைத்தேன். மெட்டில் ஒரு சுரத்தைக்கூட மாற்றாமலே சரணம் தாளத்தில் அமர்ந்தது. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங் வசதி உள்ளவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு: குரல் கணினியைச் சுற்றி வராமல் நேரே காதுக்கு வந்துவிடும். பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கின்போது பஃபரை மீண்டும் உயர்த்திக்கொள்ளலாம்.