மலை மேல் லேப்: மேனுவல் எண்களை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் திருத்துவது எப்படி

கல்லூரி லேப் மேனுவல் எதை எடுத்தாலும் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், அறை வெப்பம் 25 முதல் 30 டிகிரி என்பது அதில் சொல்லாமலே அடங்கியிருக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,130, குன்னூர் சுமார் 1,850. இங்கே உட்கார்ந்து வேதியியல் அல்லது பயோமெடிக்கல் பிராக்டிகல் செய்பவர்களுக்கு விடை மேனுவலோடு ஒத்துப்போகாது. கை தவறிவிட்டது என்று நினைத்து, புத்தக எண்ணுக்கு ஏற்ப ரீடிங்கை வளைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. வளைக்க வேண்டாம், கணக்குப் போட்டுத் திருத்தினால் போதும். கீழே வரும் வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்.

முதலில் அழுத்தம்

ஊட்டியில் ஏறக்குறைய 580 மி.மீ., கொடைக்கானலில் 587, குன்னூரில் 607. அன்றன்றைய வானிலையைப் பொறுத்து சில மி.மீ. கூடும், குறையும். வானிலை ஆப் காட்டும் 1013, 1015 ஹெக்டோபாஸ்கலை எடுத்துப் போடாதீர்கள். அது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றிய எண். பிசிக்ஸ் லேபில் ஃபோர்டின் பாரோமீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். சில போன்களில் அழுத்த சென்சார் உண்டு. அது காட்டும் ஹெக்டோபாஸ்கலை 0.75 ஆல் பெருக்கினால் மி.மீ. வந்துவிடும்.

இரண்டும் இல்லையா? காய்ச்சி வடித்த நீரில் கொதிகற்கள் போட்டுக் கொதிக்கவிடுங்கள். தெர்மாமீட்டரின் குமிழ் நீரில் முங்காமல் ஆவியில் நிற்கட்டும். 92.6 என்றால் அழுத்தம் 580. அதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 21 மி.மீ. மாறும். அந்தத் தெர்மாமீட்டர் உருகும் பனிக்கட்டியில் சரியாக 0 காட்டுகிறதா என்பதை முன்பே பார்த்துவிடுங்கள்.

ரெக்கார்டு நோட்டில் தேதிக்குக் கீழேயே அன்றைய அழுத்தமும் அறை வெப்பமும் இருக்கட்டும். கண்ட மதிப்பு, திருத்திய மதிப்பு இரண்டும் தனித்தனியாக வேண்டும். சமவெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) வைவாவில் முதலில் துருவுவது இதைத்தான்.

கொதிநிலை

திருத்தம் = 0.00012 × (760 − அழுத்தம்) × (273 + கொதிநிலை). கடல் மட்டக் கொதிநிலையிலிருந்து இதைக் கழித்தால் இங்கே வர வேண்டிய எண் கிடைக்கும். நீருக்கும் ஆல்கஹால்களுக்கும் 0.00012-க்குப் பதில் 0.00010. சின்ன வித்தியாசங்களுக்காக ஏற்பட்ட சூத்திரம் இது. 180 மி.மீ. இடைவெளிக்குப் போட்டால் ஒரு டிகிரி வரை பிசகும். டொலுவீன் (கீழே, அதாவது கடல் மட்டத்தில், 110.6) ஊட்டியில் சூத்திரப்படி 102.3-இல் கொதிக்க வேண்டும், உண்மையில் 101.4-ஐ ஒட்டி வரும்.

தெரியாத திரவத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சியில் ஒரு பொறி இருக்கிறது. எத்தனால் இங்கே 72-க்குச் சற்றுக் கீழே கொதிக்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 76-இல். கையில் 76 வந்ததும் அட்டவணையில் பக்கத்தில் இருக்கும் 78-ஐப் பார்த்து "எத்தனால்" என்று எழுதிவிடுவார்கள். அயோடோஃபார்ம் சோதனை இரண்டுக்குமே மஞ்சள் வீழ்படிவு தரும், அதனால் தவறு பிடிபடாது. பிரித்துக் காட்டுவது, ஆல்கஹால் எவ்வளவு விரைவில் கலங்குகிறது என்று பார்க்கும் லூகாஸ் சோதனை. அதிலும் "அறை வெப்பத்தில் 5 நிமிடத்தில் கலங்கும்" என்பது கீழே உள்ள அறைக்குச் சொன்னது. 14 டிகிரி அறையில் இரண்டாம்நிலை ஆல்கஹாலும் (ஐசோபுரோப்பைல்) தாமதிக்கும், முதல்நிலை (எத்தனால்) என்று ஏமாந்துவிடுவீர்கள். சோதனைக் குழாயை 27 டிகிரி நீரில் நிறுத்தி, பக்கத்திலேயே தெரிந்த எத்தனால் ஒன்று, தெரிந்த ஐசோபுரோப்பைல் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள்.

உருகுநிலைக்குத் திருத்தம் தேவையில்லை.

"கொதிக்கும் நீர்க்குளியலில் 30 நிமிடம்" என்று வந்தால் இங்கே அந்தக் குளியல் 92 டிகிரிதான். 10 டிகிரி குறைந்தால் வினைவேகம் பாதியாகும் என்ற தோராயக் கணக்கில் 50 நிமிடம் தேவை. ஈதர் 27 டிகிரியிலேயே கொதிக்கும், டைகுளோரோமீத்தேன் 32-இல். தேயிலைத் தூளிலிருந்து காஃபீன் பிரிக்கும்போது பிரிபுனலைக் குலுக்கினால் உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறும். இரண்டு குலுக்கலுக்கு ஒருமுறை குழாயைத் திறந்து ஆவியை விடுங்கள். கண்டென்சருக்கு மட்டும் ஐஸ் தேட வேண்டாம், நம் குழாய்த் தண்ணீரே போதும். மலை செய்கிற உபகாரம் அது ஒன்றுதான்!

ஆட்டோகிளேவ்: மலையில் அதிகம் கோட்டைவிடும் இடம்

அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு 121 டிகிரி, 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), 15 நிமிடம் என்று மூன்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருப்போம். மலையில் இந்த மூன்றும் சேராது. கேஜ் (அழுத்தமானி) காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. ஊட்டியில் வெளிக்காற்று 14.7 பி.எஸ்.ஐ. அல்ல, 11.2. கேஜில் 15 வந்தால் உள்ளே மொத்தம் 26.2, அந்த அழுத்தத்தில் நீராவி 117 டிகிரிதான். 121 வேண்டுமென்றால் கேஜ் 18.5 காட்ட வேண்டும். கொடைக்கானலுக்கு 18.3, குன்னூருக்கு 18.

செய்யும் முறை:

1. மூடியதும் காற்று வால்வைத் திறந்தே வையுங்கள். விட்டுவிட்டு வரும் ஆவி சீராகப் பீறிடத் தொடங்கிய பிறகும் 5 நிமிடம் விட்டு மூடுங்கள். உள்ளே காற்று தங்கினால் கேஜ் சரியாகக் காட்டும், வெப்பம் ஏறாது.
2. வெப்ப சென்சாரைப் பார்த்து ஓடும் இயந்திரமா? 121 என்று வைத்துவிட்டு கேஜை மறந்துவிடலாம்.
3. அழுத்தத்தை மாற்றி வைக்கும் வசதி இருந்து, சேஃப்டி வால்வின் அளவு அதற்கு இடம் கொடுத்தால் மட்டும் 18.5-க்கு ஏற்றுங்கள். லேப் பொறுப்பாளருக்குத் தெரியாமல் இதைச் செய்யக் கூடாது.
4. குக்கர் மாதிரி வெயிட் வைத்த சிறிய ஆட்டோகிளேவ் என்றால் 15-இலேயே விட்டு, நேரத்தை 40 நிமிடமாக்குங்கள். வெயிட்டின் மேல் இன்னொரு எடை வைக்கவே வைக்காதீர்கள்.

40 எங்கிருந்து வந்தது? வெப்பத்தைத் தாங்கும் வித்துகளுக்கு 10 டிகிரி குறைந்தால் 10 மடங்கு நேரம் என்பது கணக்கு. 4 டிகிரிக்கு 2.5 மடங்கு, அதாவது 37.5 நிமிடம், மீதி கைகாவல். ஆட்டோகிளேவ் டேப் கறுத்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள், கிருமி செத்ததற்கு அது சாட்சியல்ல. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபைலஸ் வித்துப் பட்டையைச் சுமைக்கு நடுவில் வைத்து, பின்பு 55 முதல் 60 டிகிரியில் இன்குபேட் செய்து பார்த்தால்தான் உறுதி. குளுக்கோஸ் சேர்த்த மீடியம் (கிருமி வளர்க்கும் ஊடகம்) 40 நிமிடத்தில் பழுத்துப் பழுப்பாகிவிடும். சர்க்கரையைத் தனியாக 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்துக் கடைசியில் சேருங்கள்.

வாயுச் சோதனை

மக்னீசியம் 0.040 கிராமை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு ஹைட்ரஜனை நீரின் மேல் சேகரித்தால், கீழே 30 டிகிரியில் 43 மி.லி. வரும். ஊட்டியில் 17 டிகிரியில் 52.6 மி.லி., அதாவது 50 மி.லி. குழாய் வழிந்துவிடும். இங்கே 0.035 கிராம் எடுங்கள், 46 மி.லி. வரும். கணக்கில் நீராவி அழுத்தத்தைக் கழிக்கும்போது 17 டிகிரிக்கான 14.5 மி.மீ.தான் வேண்டும், மேனுவலில் அச்சான 30 டிகிரிக்கான 31.8 அல்ல.

மார்கழிக் குளிரும் ரீஏஜென்ட்களும்

கிளேசியல் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறையும், டைமெத்தில் சல்ஃபாக்சைடு 18.5-இல். டிசம்பர், ஜனவரி காலையில் இரண்டு பாட்டிலும் கல்லாக இருப்பது இங்கே இயல்பு. ஃபியூம் ஹுட்டுக்குள் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்துங்கள். ஹாட் பிளேட், பர்னர் பக்கம் கொண்டு போகாதீர்கள். அசிட்டிக் அமில ஆவி 40 டிகிரிக்குக் கிட்டவே தீப்பற்றும். பாதி உருகியதும் மேலாக ஊற்றி எடுக்கக் கூடாது. கலந்திருக்கும் நீர் திரவப் பகுதியில் சேர்ந்துவிடுவதால் செறிவு மாறிப்போகும். முழுவதும் உருகி, கலக்கிய பிறகே பிப்பெட்.

பாஸ்பேட் பஃபர் சலைன் ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.44, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.24, பி.எச். 7.4. இதையே பத்து மடங்குச் செறிவில் செய்து வைத்தால் குளிரில் பாஸ்பேட் படிகமாக அடியில் இறங்கும். கெட்டுப்போகவில்லை, 37 டிகிரி குளியலில் வைத்துக் கரைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து நீர்த்தால் பஃபர் திறன் குறைந்த கரைசல்தான் கிடைக்கும்.

டிரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் 0.028 ஏறும். 25 டிகிரியில் 7.4 ஆக இருப்பது 15-இல் 7.68. ஆகவே எந்த வெப்பத்தில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த வெப்பத்துக்குக் கொண்டுவந்தே பி.எச். சரிசெய்ய வேண்டும். மீட்டரின் வெப்பக் குமிழ் எலக்ட்ரோடின் சரிவைத் திருத்துமே தவிர, பஃபரின் இந்த ஏற்றத்தைத் திருத்தாது.

பெர்மாங்கனேட் – ஆக்சாலேட் தைட்ரேஷனில் 70 டிகிரிக்குச் சூடாக்கிய குடுவை குளிர்ந்த மேசையில் வேகமாக ஆறும். 55-க்குக் கீழே போனால் நிறம் மறையத் தாமதிக்கும், முடிவுப்புள்ளி முன்கூட்டியே வந்த மாதிரி தெரியும். கடைசி 2 மி.லி.க்கு முன் ஒருமுறை மீண்டும் சூடாக்குங்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் ஸ்பைரோமீட்டரும்

660, 940 நானோமீட்டர் எல்.இ.டி. வைத்து நீங்களே கட்டும் ஆக்ஸிமீட்டருக்கு, ஆக்சிஜன் செறிவு (%) = 110 − 25 × விகிதம் (இரு ஒளித் துடிப்புகளின் விகிதம்) என்ற சூத்திரம்தான் பொதுவாகத் தருவார்கள். ஊட்டியில் ஆரோக்கியமானவருக்கே 93 முதல் 96 வருவது சகஜம். உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் கீழே 150 மி.மீ., இங்கே 112 என்பதுதான் காரணம். 98 வரவில்லையே என்று 110-ஐ 113 ஆக்கினால் கருவியைக் கெடுக்கிறீர்கள். ரீடிங் நடுங்கினால் முதலில் விரலைத் தொட்டுப் பாருங்கள், குளிரில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். கையை வெதுவெதுப்பான நீரில் 3 நிமிடம் வைத்து, துடைத்து, மறுபடி அளந்து பாருங்கள்.

மூச்சுக் காற்றின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டரில் அறைக்காற்றின் கொள்ளளவை உடல் வெப்ப நிலைக்கு மாற்றும் பெருக்கி: (310 ÷ அறை வெப்பம் கெல்வினில்) × (அழுத்தம் − அறை வெப்பத்தின் நீராவி அழுத்தம்) ÷ (அழுத்தம் − 47). இந்த 47 உடல் வெப்பத்தில் நீராவி அழுத்தம். ஊட்டியில் 15 டிகிரிக்கு 1.145, கீழே 30 டிகிரிக்கு 1.045. கருவி 3.20 லிட்டர் காட்டினால் உண்மை 3.67. கீழ்ப் பெருக்கியைப் போட்டால் 3.34-இல் நின்று, நல்ல நுரையீரலும் குறைபாடுள்ளதாகத் தெரியும். கணினியோடு இணைந்த கருவியில் அழுத்தம் 760 என்றே வந்திருக்கும், செட்டிங்கில் மாற்றுங்கள். 3 லிட்டர் சிரிஞ்சால் சரிபார்க்கும்போது மட்டும் இந்தப் பெருக்கி வேண்டாம். சிரிஞ்சில் இருப்பது அறைக்காற்று, பெருக்கினால் 3.4 என்று காட்டிப் பயமுறுத்தும்.