பழைய காம்பாக்ட் எஸ்யூவி: ஐடிலில் நடுக்கம் இருந்தால்

பழைய வண்டி பார்க்கப் போகும்போது முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள், ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் உண்மை தெரியும். ஸ்டார்ட் ஆனதும் சில வினாடிகள் கடகடவென்று சத்தம் வந்தால் இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மேல் சந்தேகம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை, கூடவே கூலன்ட் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சீல்) போயிருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி இன்ஜின் ஓடும்போது, நடுக்கம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். நான் வாங்கிய பெட்ரோல் வண்டியில் ஸ்கேனர் காட்டிய கோளாறுக் குறியீடு பி0302, அதாவது 2ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் போவது). உடனே பாகம் வாங்கவில்லை. இன்ஜினை அணைத்து, 2ஆம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை 3இல் மாட்டி, 3இல் இருந்ததை இங்கே மாட்டினேன். குறியீட்டை அழித்து ஓட்டியதும் பி0303 (3ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர்) வந்தது. கோளாறு காயிலோடு நகர்ந்ததால் குற்றவாளி அதுதான். நகராமல் இருந்திருந்தால் அடுத்து ஸ்பார்க் பிளக், பிறகு இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று பார்த்திருப்பேன்.

காயிலைக் கழற்றியபோது அதன் ரப்பர் உறையில் ஆயில் ஈரம். இன்ஜின் மேல்மூடியின் சீலான வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிக்குள் ஆயில் இறங்கியிருந்தது. காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் கெடும். பிளக் குழி சீல்களோடு கேஸ்கெட்டையும் மாற்றுங்கள்.

இன்னொன்று, ஸ்கேனரில் கோளாறுக் குறியீடே இல்லையென்று நம்பிவிடாதீர்கள். ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டியின் கணினி தானே செய்யும் சோதனைகள்) பலவும் முடியாமல் நின்றால், பேட்டரியைக் கழற்றியோ ஸ்கேனர் வைத்தோ அண்மையில் குறியீட்டை அழித்திருக்கலாம்.